அட்லாண்டா மாணவர் வரைந்த படங்கள்

தரவு அறிவியல் என்றதும் உங்களுக்குக் கணிப்பொறிதான் நினைவுக்கு வரும். ஆனால் விவரங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, பார்த்தவுடன் விளங்கும்படி படமாக்கும் வேலையை, அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1900-ஆம் ஆண்டிலேயே மையும் வண்ணமும் கொண்டு செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைத் தடுத்து 1829-இல் சட்டம் இயற்றப்பட்டது. அடிமைமுறை ஒழிந்த 1865-இல், அதே மாநிலத்தில் அட்லாண்டா பல்கலைக்கழகம் தோன்றியது. 1897-இல் அங்கு ஆசிரியராக வந்தவர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. கறுப்பர் பிறவியிலேயே தாழ்ந்தவர் என்று படித்தவர்களும் பேசிய காலம் அது. அந்தப் பேச்சைக் கணக்கைக் கொண்டே முறியடித்துவிடலாம் என அவர் உறுதியாக நம்பினார்.

1900-இல் பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக டூபாய்ஸும் மாணவர்களும் சில மாதங்களில் ஏறக்குறைய 60 படங்களைக் கையால் வரைந்து முடித்தனர்.

அவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாகக் காண்போம். 1890-இல் ஜார்ஜியாவின் கறுப்பின மக்களில் பெருநகரங்களில் வாழ்ந்தோர் 78,139 பேர், நடுத்தர நகரங்களில் 8,025, சிறு நகரங்களில் 37,699, நாட்டுப்புறத்தில் 7,34,952. இதைக் கோடுகளாக வரைய முயன்று பாருங்கள். 8,025 பேருக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால், நாட்டுப்புறத்துக்கு 91 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். அட்டையின் உயரமோ 71 சென்டிமீட்டர்தான்! அளவைச் சுருக்கினால் சிறிய கோடு கண்ணுக்கே தெரியாது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீண்ட கோட்டைச் சிவப்பு வண்ணத்தில் நத்தை ஓடு போலச் சுருட்டிவிட்டார்கள். சுருளின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம் என்று இன்றைய புள்ளியியலார் குறை கூறலாம், அது நியாயமே. ஆயினும் ஒருமுறை பார்த்தவர் அப்படத்தை மறப்பதில்லை.

எழுத்தறியாமையை நாடுவாரியாக ஒப்பிட்ட படமும் இருந்தது. அமெரிக்கக் கறுப்பரைவிட ருஷ்யாவிலும் ருமேனியாவிலும் எழுத்தறியாதோர் விகிதம் மிகுதி என அது காட்டியது. ஐரோப்பியர் கூடிய இடத்தில் இதை வைத்த துணிவைக் கவனியுங்கள்.

டூபாய்ஸுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் கணக்கின் மீது அவர் வைத்த நம்பிக்கையில் அதற்கு முன்பே விரிசல் விழுந்திருந்தது. 1899 ஏப்ரலில், அட்லாண்டாவுக்கு அருகில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. நிதானமாக வாதிட்டு எழுதிய கடிதத்துடன் டூபாய்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்குப் புறப்பட்டார். இறந்தவரின் விரல் எலும்புகள் ஒரு கடையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன என்று வழியில் கேள்விப்பட்டதும் திரும்பிவிட்டார். அமைதியான ஆராய்ச்சியாளனாக மட்டும் இனி இருக்க முடியாது என உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1910-இல் கல்லூரியை விட்டு உரிமைப் போராட்டத்துக்குச் சென்றார்.

படங்கள் இன்று வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அட்லாண்டா பல்கலைக்கழகம் 1988-இல் கிளார்க் கல்லூரியுடன் இணைந்தது. அப்புதிய நிறுவனமும் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் முதலிய அண்டைக் கல்லூரிகளும் கைகோத்து, 2019-இல் தம் மாணவர்களுக்காகத் தரவு அறிவியல் திட்டம் ஒன்றைத் தொடங்கின.