மலாவத்தி குன்றில் ஒரு வரலாற்று நடை

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரைகளில் நடந்து பார்க்க உலகமே விமானம் ஏறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே மாளிகை கட்டிய வணிகர் பலர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணம் போட்டவர்கள். அந்தக் கம்பெனியின் தடத்தைக் காண நம் மாணவர்களுக்குக் கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றே போதும்.

அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறுங்கள். 1784இல் டச்சுக்காரர்கள் இங்கிருந்த கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் அல்திங் பெயரைச் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுவிட்டார். பீரங்கிகள், 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம், அரச கல்லறை எல்லாம் அங்கே இருக்கு. குரங்குக்குக் கடலை கொடுத்துட்டுத் திரும்பிடாதீங்க!

உச்சியிலிருந்து உள்நாட்டுப் பக்கம் கை காட்டுங்கள். 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய தென்னமரம் அந்தப் பக்கம்தான். பெயரே தமிழ். இந்த வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டி, குலை சுமந்தவர்கள் நம்மாளுங்க.

ஓராண்டுகூட நிலைக்காத டச்சு ஆட்சி பாடநூலில் ஏறிவிட்டது. தலைமுறைகளாக உழைத்தவர்கள் கதை பாட்டி வாயில்தான் இருக்கு. ஆகவே நடை முடிந்ததும் ஒரு வீட்டுப்பாடம்: எந்தத் தோட்டம், எந்த லயம், என்ன வேலைன்னு தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஒரு பக்கம் எழுதி வரட்டும். அடுத்த ஆண்டு கேட்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.