பாதை என்று பெயர் கொண்ட படகு

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள குறுகிய கடலைக் கடக்க உதவும் மிதவைக்கு ஊரார் இட்ட பெயர் ‘பாதை’. ‘பாதை வந்துவிட்டதா?’ என்று ஒருவர் கேட்டால் அங்கே எவரும் வியப்பதில்லை. தீவக மக்களுக்குக் கடலே வீதி என்பதை அந்த ஒரு சொல் உணர்த்திவிடும்.

கடல்வழியே வாணிபம் நடந்த காலத்தில் தீவகம் ஒதுக்குப்புறமாக இருக்கவில்லை. ஊர்காவற்றுறை யாழ்ப்பாணத்தின் முதன்மையான வாயில்களுள் ஒன்று. போர்த்துக்கேயர் அதனை ‘யானைத்துறை’ என்ற பொருள்பட அழைத்தனர். யானைகள் அங்கிருந்து கப்பலேறின. பின்வந்த ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், வேலணைக்கு லைடன், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் எனத் தம் நகரங்களின் பெயர்களையே சூட்டினர்.

மோட்டார் வண்டியின் காலம் வந்ததும் நிலைமை மாறியது. பாய்க்கப்பல்கள் மறைந்தன, யாழ் நகரமே அனைத்துக்கும் மையமாயிற்று. பண்ணைப் பாலம் நகரை வேலணையோடு இணைத்தது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் பாலம், அதற்காக அயராது உழைத்த வாணர் சகோதரரின் பெயரால் ‘வாணர் பாலம்’ என்றே வழங்குகிறது. பஸ் குறிகட்டுவான் வரை ஓடியது. அத்துடன் வீதி முடிந்தது. நயினாதீவு செல்வோர் சிறிது நேரத்தில் கரையேறிவிடுவர். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகம் வீசும் காலத்தில் நோயாளியும் ஆசிரியரும் அலை தணியும்வரை துறையிலே காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் கடல்வீதியிலேதான் 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற ‘குமுதினி’ படகு இடைமறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கடற்படையினரே என உயிர்தப்பியோர் கூறினர். பஸ்ஸில் ஏறுவது போல அன்றாட அலுவலுக்காகப் படகேறியவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

1990இல் படைநடவடிக்கை தீவகத்தை எட்டியபோது பெருந்தொகையானோர் ஊரைவிட்டு வெளியேறினர். கொழும்பு, இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ என அவர்கள் சிதறினர். பலர் திரும்பவே இல்லை. பழுதுபார்க்கப்பட்ட குமுதினியோ மீண்டும் அதே கடலில் பயணிகளை ஏற்றிச் சென்றது. கரையில் நின்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

புலம்பெயர்ந்தோரின் உதவியால் தீவகத்தில் கோயில்களும் பாடசாலைகளும் புதுப்பொலிவு பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் ஓர் ஊரில் மக்கள் நிலைத்து வாழ்வதைத் தீர்மானிப்பது கோபுரத்தின் உயரமன்று. இரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டால், துறையில் படகு ஆயத்தமாக நிற்கிறதா என்பதே அதைத் தீர்மானிக்கும்.