ஜே.வி.பி. ரெண்டு

இந்த எபிசோட் ஒரு திருத்தம்.

பழவேற்காடு ஏரிக்கரை குப்பத்துல 'பாடு' முறை பத்தி ரெக்கார்டு பண்ணப் போயிருந்தேன். டீக்கடை டிவியில இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க. வலை சரிபண்ணிட்டு இருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, இவரு ஜே.வி.பி. தானே? தமிழனுக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னு 58லயே நின்ன கட்சி?" நானும் "ஆமாங்க ஐயா"ன்னு தலையாட்டிட்டேன். அதை எபிசோட்லயும் சொல்லிட்டேன்.

தப்பு. இப்போ ஆட்சியில இருக்கறது ஜனதா விமுக்தி பெரமுன. 1965ல ரோஹண விஜேவீர தொடங்கின இடதுசாரி இயக்கம். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அதுவும் கடுமையா எதிர்த்தது, அது தனிக்கதை. பெரியவர் சொன்னது ஜாதிக விமுக்தி பெரமுன. தலைவர் கே.எம்.பி. ராஜரத்ன.

1956ல 'சிங்களம் மட்டும்' சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிரதமர் பண்டாரநாயக்கா. அவரே மிதவாதி, விட்டுக்கொடுக்கிறார்னு சொல்லிப் பிரிஞ்ச குழு இது. வலதுபக்கம் நடந்த ஒரு 'ஃபோர்க்'னு வெச்சுக்கோங்க.

1957 ஜூலை 26ல பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் போட்டாங்க. பிராந்திய சபைகள் வரும், வடக்கு கிழக்குல நிர்வாகம் தமிழ்ல நடக்கும். எதிர்ப்பு கிளம்புச்சு. யு.என்.பி. சார்பா ஜே.ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்கு ஊர்வலம் கிளம்பினார். 1958 ஏப்ரல்ல பிரதமர் வீட்டு முன்னாடி பிக்குகள் உட்கார்ந்தாங்க. ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாசம் தமிழர்கள் மேல கலவரம். அவசரநிலை வந்ததும் தடை செய்யப்பட்டவை ரெண்டு கட்சி: ஜாதிக விமுக்தி பெரமுன, அப்புறம் தமிழரசுக் கட்சி. அடிச்ச பக்கம் கத்தினவங்களுக்கும் அடிவாங்கினவங்களோட கட்சிக்கும் ஒரே தண்டனை!

சரி, இந்தக் கட்சி எவ்வளவு பெருசு? 1960ல ரெண்டு தேர்தல் நடந்துச்சு. 151 இடத்துல ஒவ்வொரு தடவையும் ஜெயிச்சது ரெண்டே ரெண்டு. 1965ல ஒண்ணு.

அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டு எங்க போனாங்க தெரியுமா? டட்லி சேனநாயக்கவோட தேசிய அரசாங்கத்துக்கு. அதே கூட்டணியில இருந்த இன்னொரு கட்சி, தமிழரசுக் கட்சி. டட்லி செல்வநாயகத்துக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறல. மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டதும் 1968ல தமிழரசுக் கட்சி வெளியேறிடுச்சு.

ஒப்பந்தத்தை முறிச்சது இந்தக் குட்டிக் கட்சி மட்டும் இல்ல. ஆனா இப்படிக் கட்சிகளுக்கு ஜெயிக்கணும்னே அவசியம் இல்ல. 'பகிர்ந்தா துரோகி'ன்னு ஓரத்துல நின்னு கத்தினா போதும். ஓட்டு போயிடுமோன்னு பயந்து அந்த வார்த்தையைப் பெரிய கட்சிகள் தாங்களே பேச ஆரம்பிச்சிடும். அப்புறம் குட்டிக் கட்சி காணாமப்போனாலும் அதோட கோஷம் ஆட்சி பண்ணும்.

பாடுன்னா, எந்த நாள் எந்த இடத்துல யார் வலை போடறதுன்னு முறை வெச்சுப் பிரிச்சுக்கறது. அதுலயும் சண்டை உண்டு. எங்களுக்குப் பங்கு எங்கன்னு வெளிய நிக்கறவங்க கேட்கறாங்க. ஆனா முறையே வேணாம், தண்ணி முழுக்க எங்களுக்குன்னு ஒரு குழு சொல்லி, ஊரே அதுக்கு பயந்துட்டா? 58ல இலங்கையில நடந்தது அதுதான்.

அடுத்த வாரம் திரும்ப பழவேற்காடு போறேன். முதல்ல அந்தப் பெரியவரைப் பார்த்து, "ஐயா, அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன்"னு சொல்லணும்.