கேம்பல்டவுனின் மெல்லிய புகை

ஸ்காட்லாந்தின் மேற்கில் கின்டைர் தீபகற்பத்தின் தென்முனை அருகே உள்ள சிறு துறைமுக ஊர் கேம்பல்டவுன். 1823ஆம் ஆண்டின் கலால் சட்டம் வரியைக் குறைத்ததும், மறைவில் சாராயம் வடித்தவர்கள் பலர் உரிமம் பெற்று வெளியே வந்தார்கள். மிட்செல் குடும்பத்தின் ஸ்பிரிங்பேங்க் வடிசாலை 1828இல் அப்படித்தான் தொடங்கியது. அந்த நூற்றாண்டில் ஊரில் 30க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இருந்தன.

விஸ்கிக்காக முளைகட்டிய பார்லியை (மால்ட்) உரிய நேரத்தில் உலர்த்தாவிட்டால் முளை வளர்ந்து மாவுச்சத்தைத் தின்றுவிடும். மரம் அரிதான மேற்குக் கரையிலும் தீவுகளிலும் அதற்குக் கைக்கெட்டிய எரிபொருள் பீட். சதுப்பில் பாசியும் புதர்ச்செடிகளும் அரைகுறையாக மக்கி, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் படிந்த மண் அது. வெட்டியெடுத்த ஈரப் பாளங்களைக் காற்றில் காயவைத்து எரிப்பார்கள். புகை மணம் அன்று யாரும் தேடிச் சேர்த்ததல்ல, அடுப்போடு வந்தது. புகையிலுள்ள பீனால் என்னும் மணச்சேர்மங்கள் ஈரமான தானியத்தில்தான் நன்றாக ஒட்டும். அதனால் பீட் எரியும் நேரத்தைக் கொண்டே விஸ்கியின் புகைக் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கலாம். ஸ்பிரிங்பேங்க் மால்ட்டுக்குச் சுமார் 6 மணி நேரம் பீட் புகை, அப்புறம் வெறும் வெப்பக்காற்று. அதே வடிசாலையின் லாங்ரோ விஸ்கிக்கோ 48 மணி நேரம் வரை புகைதான்.

பீட்டையே எரிக்க வேண்டிய கட்டாயத்தை ரயில் உடைத்தது. 1863இல் ஸ்ட்ராத்ஸ்பே பாதை திறந்தபின் ஸ்பேசைட் வட்டார வடிசாலைகளுக்கு நிலக்கரியும் கோக் கரியும் எளிதாக வந்தன. அங்கே புகை படிப்படியாக மெலிந்தது. கலவை விஸ்கி செய்த வணிகர்களுக்கு அந்த மென்மையே பிடித்தது. அதோடு கேம்பல்டவுனுக்குச் சரிவு தொடங்கியது. 1920இல் அமெரிக்கா மதுவிலக்கைக் கொண்டுவந்தது; உள்நாட்டில் பொருளாதார மந்தம்; அவசர உற்பத்தியால் சரக்கின் தரமும் கெட்டிருந்தது. 1930களின் நடுவில் ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும் மட்டுமே எஞ்சின. ஓர் ஊரின் தொழிலே கிட்டத்தட்ட அழிந்த கதை இது. 1925இல் மூடிய கிளென்கைல் வடிசாலை 2004இல்தான் மறுபடி இயங்கியது.

விஸ்கியை முதிரவைப்பதைச் சட்டம் கட்டாயமாக்கியது 1915இல். முதலில் இரண்டு ஆண்டு, மறு ஆண்டே மூன்று. இருபதாண்டு ஓக் பீப்பாயில் கிடந்த சரக்கின் நிலையே வேறு. ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகிப் போகும். புகையின் காரமும் தணியும். லேசாகப் புகையூட்டிய விஸ்கியில் அது பின்னணிக்குப் போய், மெழுகு, உலர்பழம், உப்புக்காற்று போன்ற மணங்கள் முன்னே வரும். இவற்றைப் பிரித்தறிய, வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறிதளவு ஊற்றி முதலில் முகர வேண்டும். பிறகு சில சொட்டுத் தண்ணீர். புகை மணம் தரும் குவாயகால் மூலக்கூறு, சாராய வலு 45 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது திரவத்தின் மேற்பரப்பில் சேர்கிறது என்று 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள். தண்ணீர் கலந்தால் விஸ்கி கெட்டுவிடும் என்ற எண்ணத்தை இங்கே கைவிடலாம்.

1992 முதல் ஸ்பிரிங்பேங்க் தனக்கு வேண்டிய மால்ட் முழுவதையும் பழைய முறைப்படி தரையில் பரப்பி, கையால் கிளறி, தானே தயாரிக்கிறது. இதை முழுமையாகச் செய்யும் வடிசாலைகள் ஸ்காட்லாந்தில் மிகச் சிலவே.