கொடுமுடிக் கோகிலம்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சிக்குச் செல்லும் வழியில் எலப்புள்ளி என்றோர் ஊர் உண்டு. மலையாளமும் தமிழும் அங்கே ஒரே தெருவில் வழங்குகின்றன. அவ்வூரில் கழிந்த நம் இளமைப் பருவத்தில், விடியற்காலையில் வானொலிப் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் எழும். கணீரென்ற குரல் அது. முருகனை அழைத்தால், எதிரில் நிற்பவனை அழைப்பது போல் இருக்கும். “கே.பி.எஸ். பாடுகிறார்” என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம். அந்த மூன்றெழுத்துக்குப் பின்னே எத்தகைய வாழ்க்கை இருந்தது என்பதைப் பின்னாளில்தான் நாம் அறிந்தோம்.

கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்துக்களுள் ‘கே’ ஊரைக் குறிக்கும். ‘பி’ தாயார் பாலாம்பாளைக் குறிக்கும். தந்தையின் பெயர் நிற்கும் இடத்தில் தாயின் பெயர் நிற்பதைக் கவனிக்க வேண்டும். வறுமையில் குழந்தைகளை வளர்த்தவர் அந்தத் தாயே. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றார் என்றும், அக்குரலைக் கேட்டு வியந்தவர்கள் அவரை நாடகத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அவர் சேர்ந்தது வேலு நாயரின் நாடகக் குழு. தமிழ் நாடக மேடையில் ஒரு நாயர் புகழ்பெற்று விளங்கினார் என்பது எல்லைப்புறத்தாராகிய நமக்கு வியப்பளிப்பதில்லை. அங்கே ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாகச் சுந்தராம்பாள் நடித்துப் பாடினார். பசியை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்கள் கண்கலங்கினார்கள்.

அந்நாளைய நாடகம் எப்படிப்பட்டது என்பதை இங்கே சற்று நினைவுகூர்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் முதலானோர் இயற்றிய நாடகங்கள் இரவு தொடங்கி விடியும் வரை நடைபெறும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றால், வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்று மாலைதான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளியும் வேலனும் மேடையிலேயே பாட்டுக்குப் பாட்டு, தர்க்கத்துக்குத் தர்க்கம் என்று மோதிக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியும் அக்காலத்தில் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அவன் சும்மா இரான். அம்மையாரின் உச்சஸ்தாயியும் பிசிறற்ற உச்சரிப்பும் இந்தப் பள்ளியில் கற்றவை.

கடல் கடந்து வாழ்ந்த தமிழரும் இந்நாடகங்களைப் போற்றி வளர்த்தனர். இலங்கையில் அவை பெருங்கூட்டத்தை ஈர்த்தன. 1926-ஆம் ஆண்டு கொழும்பு மேடையில்தான் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடித்தனர். இரு பெருங்குரல்கள் ஒரே மேடையில் ஒத்துப்போகுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். ஆனால் வள்ளியும் வேலனுமாக அவர்கள் பாடிய பாடல்களுக்கு ஈடில்லை என்று ரசிகர்கள் தீர்ப்பளித்தார்கள். மேடையில் பிறந்த அன்பு 1927-இல் திருமணமாகக் கனிந்தது.

அத்திருமணம் நெடிய இன்பத்தைத் தரவில்லை. கிட்டப்பா முன்னரே மணமானவர். குலமும் வேறு. பிறந்த குழந்தை தங்கவில்லை. இடையில் பிரிவும் நேர்ந்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், இருபத்தேழே வயதில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளாடை உடுத்தினார், திருநீறு அணிந்தார், எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

நாடக நடிகையைக் ‘கூத்தாடி’ என்று இகழ்ந்த காலம் அது. இரவு முழுதும் அவள் பாட்டைக் கேட்டு உருகியவர்களே பொழுது விடிந்ததும் அவளைத் தம் வீட்டுத் திண்ணையில் ஏற்றத் தயங்கினார்கள். அத்தகைய சமூகத்தில், கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி ஜோடி வேடமே வேண்டாமென்றால், தொழிலில் அவளுக்கு இடமேது? அவர் மறைந்துவிடுவார் என்றே பலர் எண்ணியிருக்கக்கூடும். நடந்ததோ வேறு.

அப்போது பேசும்படம் தமிழகத்திற்கு வந்திருந்தது. அமெரிக்காவில் நாடக நடிகையர் முதன்முதலில் திரைக்குச் சென்றது ஊமைப்படக் காலத்தில். அதனால் அவர்கள் தங்கள் குரலை வாயிலிலேயே விட்டுச்செல்ல நேர்ந்தது. நம் நாட்டிலும் ஊமைப்படங்கள் வந்தன என்றாலும், நாடகத்தின் பாட்டுச் செல்வம் முழுவதும் திரையில் வந்து சேர்ந்தது 1931-இல் டி.பி. ராஜலக்ஷ்மி நடித்த ‘காளிதாஸ்’ வெளிவந்த பிறகே. பாடத் தெரிந்தவர்களுக்கு அதன்பின் பெரும் மதிப்பு ஏற்பட்டது.

‘நந்தனார்’ கதையைப் படமாக்க முனைந்தவர்கள் சுந்தராம்பாளை அணுகினார்கள். நடிக்க விருப்பமில்லாமல், கேட்டவர்கள் திரும்பிப் போய்விடட்டும் என்றே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பர். அவர்கள் திரும்பிப் போகவில்லை, ஒப்புக்கொண்டார்கள். ஒரு சவரன் பொன் முப்பது ரூபாயைக்கூட எட்டாத காலத்தில் அது எத்தகைய தொகை என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 1935-இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனார் வேடமே. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இவ்வாறு தம் உறுதியும் குலையாமல், தொழிலும் கெடாமல் அம்மையார் வழி கண்டார்.

அதன்பின் வந்த படங்கள் மிகச் சில. ‘மணிமேகலை’ 1940-இல் வந்தது. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. கோலூன்றி நடந்த அந்த மூதாட்டியைக் கண்ட பிறகு, தமிழ் மக்கள் ஔவையை வேறு முகத்தில் எண்ணிப் பார்த்ததேயில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்குதான். 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையாகவும் தோன்றினார். துறவி, மூதாட்டி, அடியார் ஆகிய வேடங்களே அவர் தேர்ந்தவை. இளமையும் அழகும் மட்டுமே நடிகைக்கு மூலதனம் என்ற கருத்தை, பேச்சால் மறுக்காமல் நடிப்பால் மறுத்தார்.

பொதுவாழ்விலும் அக்குரல் பணிபுரிந்தது. சத்தியமூர்த்தி அவர்களின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். காந்தியடிகள் அவர் இல்லத்தில் உணவருந்தியபோது, உணவு மட்டுந்தானா, பரிமாறிய பொற்தட்டு இல்லையா என்று கேட்டாராம். அம்மையார் தட்டையும் நாட்டுக்கு ஈந்தாராம். இக்கதை இன்றும் வழங்குகிறது. 1950-களில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதல் திரைக் கலைஞர் அவரே என்பர். ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. 1980-இல் மறைந்தார்.

திண்ணையில் ஏற்றத் தயங்கிய சமூகம், முடிவில் அவரைச் சட்ட மேலவையில் அமர்த்தியது. ஔவையின் ஆசனத்திலும் வைத்தது. இதைச் சமூகத்தின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிடுதல் பொருந்தாது. என்ன செய்வேன், என்ன செய்யேன் என்று தாமே வரம்பு கட்டி, அந்த வரம்புக்குள் நின்று வென்ற ஒரு பெண்ணின் உறுதிக்கே அப்பெருமை உரியது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறின. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த நம் எலப்புள்ளி கேரளத்தில் சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்த கிட்டப்பாவின் செங்கோட்டை தமிழகத்துடன் இணைந்தது. அதன் பிறகும் நம் வீட்டு வானொலியில் விடியற்காலையில் கேட்டது கொடுமுடியின் குரலே. பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நேயர்கள் பலர், அக்குரலை இன்றும் தங்கள் இல்லங்களில் ஒலிக்கச் செய்கிறார்கள். அடுத்த முறை அதைக் கேட்கும்போது, ரயிலில் பாடியதாகச் சொல்லப்படும் அச்சிறுமியையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.