செக்-இன்

'செக்' என்பதன் வேர் பாரசீகத்தின் 'ஷா', அதாவது அரசன். சதுரங்கத்தில் அரசனுக்கு விடும் எச்சரிக்கையாகிப் பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தபின் தடுத்தல், சரிபார்த்தல் என்று பொருள் விரிந்தது. கணினி உலகிலோ, 1980களில் வால்டர் டிச்சி பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆர்.சி.எஸ். என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளில் செக்-இன்னுக்கு 'சிஐ', செக்-அவுட்டுக்கு 'சிஓ' என்று கட்டளைகளே இருந்தன. அதற்கு மூத்த எஸ்.சி.சி.எஸ்.ஸில் செக்-இன்னுக்குப் பெயர் 'டெல்டா'. நல்லவேளை, அது நிலைக்கவில்லை.

சாலிட்வொர்க்ஸ் பி.டி.எம்., ஆட்டோடெஸ்க் வால்ட் போன்ற வரைபட மேலாண்மை மென்பொருள்களில் செக்-இன் என்பது வெறும் சேமிப்பு அல்ல. திருத்திய வரைபடத்தைப் பொதுப் பெட்டகத்தில் புதிய பதிப்பாகச் சேர்த்து, பிறர் திருத்தாதபடி செக்-அவுட்டின்போது போட்டிருந்த பூட்டையும் திறப்பது. செக்-இன் மறுக்கப்பட்டால் அந்தப் பூட்டு யார் பெயரில், எந்தக் கணினியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேறு கணினியில் செக்-அவுட் செய்த கோப்பு என்றால், திருத்திய பிரதி அங்கேதான் கிடக்கும். அசெம்பிளியானால், அதன் உதிரிபாகக் கோப்பு ஏதாவது பெட்டகத்துக்கு வெளியே இருக்கிறதா என்றும் தேடுங்கள். அவசரப்பட்டு 'அன்டூ செக்-அவுட்' அழுத்தினால் திருத்தங்கள் போய்விடும். முதலில் நகல் எடுத்து வையுங்கள்.