மூன்று சதுரத்தை ஒன்றாக்கிய கதை



தரம் 8 சித்திரப் பாடத்துக்கு ஒப்படை கொடுத்தால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஐஸ்கிறீம் குச்சி வீடு ஒன்று வரும். செய்தது உம்மா, இல்லாவிட்டால் கடை. ஆசிரியர்களாகிய நாமும் புள்ளியைப் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். "கணக்கு, விஞ்ஞானம் இருக்க சித்திரம் எதுக்கு சேர்?" என்று கேட்கும் வாப்பாமாரும் உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பழைய கதை.

அபுல் வஃபா அல்பூஸ்ஜானி கி.பி. 940இல் குராசானில் பிறந்தவர். பக்தாதில் வாழ்ந்து 998இல் வபாத்தானார். பெரிய கணித அறிஞர், வானியலாளர். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு இவர் பெயர் இருக்கிறது. வினாவிடைப் போட்டிக்கு நாம் மனப்பாடம் செய்விப்பது அதை மட்டும்தான். இவர் கைவினைஞர்களுக்காகவே ஒரு கேத்திரகணித நூல் எழுதியிருக்கிறார் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கணித அறிஞரும் கைவினைஞரும் ஒன்றாக இருந்து விவாதித்த கூட்டங்களைப் பற்றி அந்த நூலில் வருகிறது. கேள்வி இதுதான்: ஒரே அளவான மூன்று சதுரங்களை வெட்டி, மிச்சம் இல்லாமல் ஒரு பெரிய சதுரமாக்குவது எப்படி? கைவினைஞர் கண்மட்டத்தில் வெட்டினார்கள். பார்வைக்குச் சரி, அளவில் பிழை. அறிஞர்களோ பக்கத்தின் நீளம் தெரிந்ததும் வேலை முடிந்தது என்றிருந்தார்கள். எங்கே வெட்டுவது என்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஒருவருக்கு நிறுவல் தெரியாது, மற்றவருக்குக் கைவேலை தெரியாது என்று அபுல் வஃபா இரு தரப்பையும் குறை சொல்கிறார். பிறகு தன் வழியைக் காட்டுகிறார்.

இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணிகள். மூன்றாவது சதுரத்தை நடுவில் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முக்கோணியின் நீண்ட பக்கத்தை ஒட்டி வைக்க வேண்டும். அது ஒரு மூலையில் தொடங்கி மற்ற மூலையைத் தாண்டி நீளும். நான்கும் ஒரே திசையில் சுற்ற வேண்டும், காற்றாடி போல. இப்போது முக்கோணிகளின் வெளிமுனைகள் நான்கையும் அடிமட்டத்தால் இணையுங்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் நான்கு சிறு துண்டுகளை வெட்டினால், உள்ளே இருக்கும் நான்கு வெற்றிடங்களிலும் அப்படியே பொருந்தும்.

மூன்று நிறத் தாளும் கத்தரிக்கோலும் கொடுத்து, வழியைச் சொல்லாமல் பிள்ளைகளை விட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் கண்மட்டத்தில் வெட்டித் தாளைப் பாழாக்கினார்கள். கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி பக்கம் மூன்றின் வர்க்கமூலம் என்று உடனே சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். பக்தாத் கூட்டம் அப்படியே எங்கள் வகுப்பில்! வழியைக் காட்டியதும் இரண்டு பாடவேளையும் போனது தெரியவில்லை. எந்த உம்மாவும் செய்து கொடுக்காத ஒப்படை இது.

டைல் பதிக்கும் மேசன் பாஸ் ஒருவரின் மகன் ஒன்பது துண்டுகளையும் கடித உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். அடுத்த நாள் வாப்பாவின் கேள்வியோடு வந்தான்.

"டைலை வெட்டினா ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட் கனத்துக்குத் தேயும். அதுக்கு அந்த மனுஷன் என்ன சொல்லியிருக்காராம், சேர்?"

அடுத்த பாடவேளைக்கு அந்த வாப்பாவையே வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.